ஊரப்பாக்கமா, முடிச்சூரா: எந்த வீட்டை வாங்குவது?

கேள்வி: ஐயா, மேற்கு மாம்பலத்தில் 14 வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. நான் சைதாப்பேட்டையில் ஆசிரியை. மகள் 8-ம் வகுப்பு முடிக்கப் போகிறாள். மாமியாருக்கு 71 வயது. சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. புறநகரில் சொந்த வீடு தேடியதில் இரண்டு வீடுகள் மனதில் நிற்கின்றன. ஒன்று ஊரப்பாக்கத்தில். 1,200 சதுர அடி மனையில் 950 சதுர அடித் தனி வீடு, கட்டி 9 வருடம் ஆகிறது, 72 லட்சம் சொல்கிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். எதிரில் பார்க்குக்கு விட்ட காலி இடம் இருக்கிறது. இன்னொன்று முடிச்சூர் பக்கம். அதே அளவு மனை, வீடு கொஞ்சம் பெரிது, 64 லட்சம். தெருவில் புது ரோடு போட்டிருக்கிறார்கள். வாசலில் இரண்டு படி இறங்கி உள்ளே போக வேண்டும், அதனால் கோடையில் குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார் தரகர். கணவருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இரண்டிலும் "எல்லா வசதியும் 10 நிமிடத்தில்" என்கிறார்கள். எதை வாங்கலாம்? கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்ததால் ஊரப்பாக்கத்தில் விலை இன்னும் ஏறுமா? மாமியாருக்கு மாம்பலத்தை விட்டு வர மனமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நான் கட்டடப் பொறியாளர். வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிட்டு அறிக்கை கொடுப்பது என் தொழில். உங்கள் கடிதத்தில் விலை, சதுர அடி, தூரம் எல்லாவற்றையும் விட என் கண்ணில் பட்டது அந்த இரண்டு படிதான். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

எந்த மேஸ்திரியும் தெருவை விடத் தாழ்வாக வீடு கட்ட மாட்டார். கட்டிய நாளில் அந்த வீட்டுத் தளம் தெருவிலிருந்து ஒன்றரை, இரண்டு அடியாவது மேலேதான் இருந்திருக்கும். வீடு இறங்கவில்லை, தெரு ஏறியிருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பது விதி. நடப்பில் பல இடங்களில் இருந்ததற்கு மேலேயே போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நாலைந்து முறை அப்படிப் போட்டால் இரண்டு அடி எங்கே போனது என்றே தெரியாது. இப்போது தெருவில் விழும் மழைக்கு அந்த வீட்டு வாசல்தான் வழி. கோடையில் குளிர்ச்சியாக இருக்கும் என்று தரகர் சொன்னது பொய் இல்லை. நவம்பரில் அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்!

இதே இரண்டு படி வேறு ஊரில் என்றால் வெறும் தொந்தரவு. முடிச்சூர் பக்கத்தில் கதை வேறு. அடையாறு ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில் தொடங்கி, மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத்தான் திருநீர்மலைக்கும் அனகாபுத்தூருக்கும் வந்து, பிறகு நகரத்துக்குள் போகிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டு ஜனங்களை மீட்டார்கள். 2015 வெள்ளம் என்றதும் எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் சொல்வார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேரும் இடம் முடிச்சூரைத் தாண்டி, திருநீர்மலைப் பக்கத்தில் இருக்கிறது. முடிச்சூருக்கு வந்தது மேலே உள்ள ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும், அங்கேயே பெய்த மழையும். "இப்போதெல்லாம் செம்பரம்பாக்கத்தை முன்கூட்டியே திறந்துவிடுகிறார்கள், இனி பயமில்லை" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது அந்தத் தெருவுக்குப் பொருந்தாத சமாதானம்.

அதற்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடிய கால்வாய்கள் கட்டினார்கள். பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் வரதராஜபுரம் செய்தியில் வந்தது. முடிச்சூர் என்றாலே ஓட வேண்டும் என்பதும் சரியில்லை. ஒரே நகரில் ஒரு தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், அடுத்த தெரு மேட்டில் ஈரம்கூட இருக்காது. தெருத் தெருவாகத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? மழைக்காலம் முடிந்துவிட்டது, சுவரெல்லாம் புது பெயின்ட். பரவாயில்லை, பெயின்ட் அடிக்க முடியாத சாட்சிகள் நிறைய உண்டு. தெருவில் நடந்துகொண்டே ஈ.பி. மீட்டர் பெட்டிகளைப் பாருங்கள். எல்லா வீட்டிலும் மீட்டர் ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி வைக்கப்பட்டிருந்தால், யாரும் அழகுக்காக அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். மோட்டாருக்கு உயரமாக மேடை கட்டியிருக்கிறார்களா, வாசல் கேட்டுக்குக் கீழே தண்ணீர் தடுக்கக் கட்டை போட்டிருக்கிறார்களா, உள்ளே இன்வெர்ட்டர் பரண் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மர நிலைக்கால்களின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பார்த்தால் ஊறி நொய்ந்த மரம் தெரிந்துவிடும். கடைசியாக, தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் பால் போடுபவரிடமும் கேளுங்கள். "இங்கே தண்ணி வருமா?" என்று கேட்காதீர்கள், "வராதுங்க" என்றுதான் பதில் வரும். "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். முழங்காலையோ இடுப்பையோ கையால் தொட்டுக் காட்டுவார்கள்.

பள்ளமாகிப்போன வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கித் தருகிறார்கள், அந்த யோசனையைச் சொல்லியும் உங்கள் கணவர் வாதாடலாம். தூக்கலாம்தான். ஆனால் தூக்கும் கூலியோடு செலவு நிற்காது. தரை, வாசற்படி, குழாய் இணைப்புகள், செப்டிக் டேங்க் மட்டம், மதில், கேட் என்று எல்லாவற்றிலும் மறுபடி கை வைக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நீங்கள் பார்க்கும் 8 லட்ச வித்தியாசத்தில் மிச்சம் அதிகம் இருக்காது. ஆகவே இந்த முடிச்சூர் வீடு வேண்டாம். அந்த ஊரில் மேட்டில் வேறு வீடு கிடைத்தால் எழுதுங்கள், பேசலாம்.

சரி, ஊரப்பாக்கத்துக்கு வருவோம். அதற்கு முன் அந்த "10 நிமிடம்".

யாருக்கு 10 நிமிடம் என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி விளம்பரங்கள் விழுந்துவிடும். அது ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் தனியாகப் போகும் ஆளுக்கான கணக்கு. உங்கள் வீட்டில் நான்கு பேர். அதில் இரண்டு பேர் வண்டி ஓட்டாதவர்கள், மாமியாரும் மகளும். புறநகரில் வீடு வாங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவரின் ரயில் நேரத்தை வைத்தே முடிவெடுக்கின்றன. வேலைக்குப் போகிறவர் விடிந்தால் கிளம்பிப் போய் இருட்டியபின் வருகிறார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் முழுநாளும் வாழப்போகிறவர் வீட்டில் இருக்கும் பெரியவர். நான் ஒரு வீட்டின் அக்கம்பக்கத்தை எடைபோடும்போது இதைத்தான் பார்க்கிறேன்: அந்த வீட்டில் வண்டி ஓட்டாத ஆள், யாரையும் எதிர்பார்க்காமல், தன் காலால் எதுவரைக்கும் போய்வர முடிகிறது?

இந்த அளவில் பார்த்தால் உங்கள் மாமியார் மாம்பலத்தை விட மறுப்பது பிடிவாதம் இல்லை. ஆரிய கவுடா சாலையில் காய்கறி, அயோத்தியா மண்டபத்தில் கச்சேரியோ உபன்யாசமோ, செலவு கட்டுப்படியாகும் பப்ளிக் ஹெல்த் சென்டர், தெருவுக்கு ஒரு மருந்துக் கடை, வழியில் பேச நாலு தெரிந்த முகம். இவ்வளவையும் அவர் முழங்கால் வலியோடு தானே சமாளித்துக்கொள்கிறார். ஊரப்பாக்கம் போனதும் ஒரு சர்க்கரை மாத்திரைக்கு மகன் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றால், உங்களுக்குச் சொந்த வீடு கிடைக்கும், அவருக்கு வீட்டுக் காவல் கிடைக்கும். அதனால் வீட்டை இறுதி செய்வதற்கு முன் அவரை ஒருநாள் அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போங்கள். வீட்டைக் காட்ட மட்டும் வேண்டாம். மருந்துக் கடை, ஆவின் பூத், மளிகை, பக்கத்துக் கோயில், பஸ் நிறுத்தம் ஆகிய இடங்களுக்கு அவர் தன் வேகத்தில் நடந்து பார்க்கட்டும். நடைபாதை இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் நடக்க இடம் இருக்கிறதா, தண்ணீர் லாரி வந்தால் ஒதுங்க முடிகிறதா, நாய்கள் எப்படி, நடுவில் உட்கார ஒரு திண்ணையாவது உண்டா என்று அவருக்குத்தான் தெரியும். நீங்களும் நானும் கவனிக்காததை அவர் கவனிப்பார்.

இதில் பெரிய தடை ஜி.எஸ்.டி. சாலை என்ற நெடுஞ்சாலையும் தண்டவாளமும். வீடு ஒரு பக்கம், கடைத்தெரு மறுபக்கம் என்றால் வரைபடத்தில் 400 மீட்டர் என்று காட்டும். அந்த அகலமான சாலையை முழங்கால் வலிக்காரர் கடக்க மாட்டார், நானே யோசிப்பேன். தண்டவாளத்தைக் கடக்க இருப்பது சுரங்கப்பாதையா, படியேறும் நடைமேம்பாலமா, ரயில்வே கேட்டா என்று பாருங்கள். சுரங்கப்பாதை என்றால் மழையில் அது என்ன ஆகும் என்பதையும் விசாரியுங்கள். அவர் தேவைகள் முழுவதும் வீடு இருக்கும் பக்கத்திலேயே முடிந்துவிட்டால் ஊரப்பாக்கத்துக்கு அது பெரிய பலம்.

மருத்துவ வசதி பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பக்கத்து நந்திவரத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் தாம்பரம், குரோம்பேட்டை அல்லது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தனியார் மருத்துவமனைகளும் இந்தச் சாலை நெடுக உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து நடக்கிறது. அந்தத் தெருவுக்கு எந்தத் தன்னார்வலர் வருகிறார் என்று சுகாதார நிலையத்திலேயே கேட்டு வையுங்கள். இதையெல்லாம் விட நான் பார்ப்பது தெரு அகலத்தை. இரவு 2 மணிக்கு 108 வண்டி வாசல்வரை வந்து திரும்ப முடியுமா? இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருக்கும் இரவு நேரத்தில் போய்ப் பாருங்கள், பகலில் எல்லாத் தெருவும் அகலமாகத்தான் தெரியும்.

உங்கள் ரயில் கணக்கு. ஊரப்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைக்கு நேரடி மின்சார ரயில், சுமார் முக்கால் மணி நேரப் பயணம். கணவருக்கு ஒரு நிலையம் முன்னாலேயே இறங்கிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரை - தாம்பரம் இடையே ஓடும் அளவுக்கு வண்டிகள் தாம்பரத்தைத் தாண்டி ஓடுவதில்லை. மாம்பலத்தில் ஒரு வண்டியை விட்டால் அடுத்தது வந்துவிடும் என்று நின்று பழகியவர் நீங்கள். ஊரப்பாக்கம் வழியாகப் போகும் செங்கல்பட்டு வண்டியை விட்டால் காத்திருப்பு நீளும், அல்லது தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் பயண நேரத்தைக் கேட்காதீர்கள். மாலை 6-லிருந்து 8-க்குள் சைதாப்பேட்டையில் நிற்கும் செங்கல்பட்டு வண்டிகள் எத்தனை என்று கால அட்டவணையில் எண்ணுங்கள். நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் என்பது 20 நிமிட நடை. இரவு 8 மணிக்கு அந்த வழியில் தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, ஷேர் ஆட்டோ உள்ளே வருமா என்பதை ஒரு வேலை நாளில் நீங்களே நடந்து தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு டியூஷன் முடிந்து உங்கள் மகள் நடந்து வரப்போகும் வழி அது.

கிளாம்பாக்கம் பற்றிக் கேட்டீர்கள். பஸ் முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தது. ஊரப்பாக்கம் வீட்டை விற்பவருக்கு இது உங்களுக்கு முன்பே தெரியும், 72 லட்சத்தில் அது ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. தென்மாவட்டத்தில் சொந்த ஊர் இருந்தால் வசதிதான். மற்றபடி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய நாட்களில் பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரிவரை வண்டிகள் நகராது, அந்த நாட்களில் பைக்கை மறந்துவிட வேண்டும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ என்ற திட்டமும் விளம்பரங்களில் வரும். ஓடாத ரயிலுக்கு இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள்.

விலை நியாயமா என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். இன்று புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 2,200 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம், உள்ளூர் மேஸ்திரி சொல்லும் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 950 சதுர அடிக்கு 20 லட்சத்து 90 ஆயிரம். கட்டடத்துக்கு ஆயுள் 60 வருடம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்பது மதிப்பீட்டாளர்கள் பொதுவாகப் போடும் கணக்கு. அதன்படி 9 வருடத்துக்குத் தேய்மானம் 13.5 சதவீதம். கட்டடம் இன்று சுமார் 18 லட்சம். மீதி 54 லட்சம் மனைக்கு. 1,200-ஆல் வகுத்தால் சதுர அடி 4,500 ரூபாய். அதே நகரில், அதே அகலத் தெருவில் காலி மனை என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று விசாரியுங்கள். கேட்கும் விலை வேண்டாம், முடிந்த விலை வேண்டும். 4,500-க்குக் குறைவாக இருந்தால் பேரம் பேச உங்களுக்கு இடம் உண்டு. பத்திரச் செலவை மறக்காதீர்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 72 லட்சத்துக்கு 6 லட்சத்து 48 ஆயிரம். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீத வருமான வரியை நீங்கள்தான் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அது விற்பவர் பங்கிலிருந்து போவதால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பதிவு நாளன்று சண்டை வேண்டாம்.

இனி தண்ணீர். புறநகர் வீட்டில் எல்லாரும் "நல்ல தண்ணிங்க, போர் போட்டிருக்கோம்" என்பார்கள். வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கமெல்லாம் அடியில் கருங்கல் பாறை. பாறையில் தண்ணீர் விரிசல்களில்தான் ஓடும். உங்கள் போர் அந்த விரிசலைத் தொட்டிருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. பக்கத்து வீட்டில் 250 அடியில் கிடைத்தது என்பது உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது. போர் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, மே மாதத்தில் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டினால் மேல்தொட்டி நிரம்புகிறது, 2019 கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா என்று கேளுங்கள். அந்த வருடம் சென்னை முழுவதும் குடத்தோடு நின்றது, அப்போது தாக்குப்பிடித்த போர் என்றால் நம்பலாம். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் என்றால் நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை குடிநீர்த் தரம் அனுமதிக்கிறது. ஆனால் 1,500-ல் குளித்தால் முடி என்ன ஆகும், வாஷிங் மெஷின் என்ன ஆகும் என்று அங்கே குடியிருப்பவர்களே சொல்வார்கள்.

உப்புப் பரிசோதனையோடு கிருமிப் பரிசோதனையும் கட்டாயம் செய்யுங்கள். காரணம் இருக்கிறது. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செப்டிக் டேங்க். போருக்கும் அதற்கும் குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி இடைவெளி விடச் சொல்வோம். 30-க்கு 40 அடி மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கே 50 அடிதான். உங்களுக்கு வீட்டை விற்பவர் விதிப்படி விட்டிருந்தாலும், மதிலுக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் டேங்க் உங்கள் போரிலிருந்து பத்தடியில் இருக்கலாம். அரை கிரவுண்டு மனைகளாகப் பிரித்த நகர்கள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. அந்த வீட்டுக்குக் குடிக்க பஞ்சாயத்துக் குழாய் இணைப்பு இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் போர்த் தண்ணீரைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எதிரில் இருக்கும் காலி இடத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பார்க்குக்கு விட்டது என்று யார் சொன்னது? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும், அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 3,000-லிருந்து 10,000 சதுர மீட்டருக்குள் என்றால் இடத்துக்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க வழி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த இடம் பூங்கா என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் பாருங்கள். இரண்டும் இருந்தால் அது உங்கள் தெருவின் சொத்து, பின்னாளில் குடியிருப்போர் சங்கம் கேட்டு ஊஞ்சலும் பெஞ்சும் போட வைக்கலாம். இல்லாவிட்டால் அது யாரோ ஒருவருடைய மனை. நாளைக்கு அங்கே மூன்று மாடி எழும்பும், அல்லது லாரி ஷெட் வரும். இப்போதைக்கு உங்களுக்கு அடிக்கும் காற்றுக்கு விலை கொடுக்காதீர்கள்.

பத்திர விஷயங்களை வக்கீலிடம் விட்டுவிடுங்கள், அதில் என் பங்கு கொஞ்சம்தான். மனைப்பிரிவு அங்கீகாரம் எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று பாருங்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022-ல்தான் 5,904 ஆக விரித்தார்கள். பழைய எல்லைக்கு வெளியே இருந்த மனைப்பிரிவில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் இருந்தால் அதில் தவறு எதுவும் இல்லை. அங்கீகாரமே இல்லாமல் பிரித்த மனை என்றால் அதைப் பின்னாளில் முறைப்படுத்திய வரன்முறை உத்தரவு வேண்டும்; 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கே அந்தச் சலுகை. 30 வருட வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரிலேயே உட்பிரிவு ஆன பட்டா, புல வரைபடம். அந்தச் சர்வே எண்ணைச் சுற்றி ஓடை, ஏரி உள்வாய் (ஏரித் தண்ணீர் நிற்கும் பகுதி), மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்று ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். கட்டட அனுமதி வரைபடத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டை அளந்து பாருங்கள். பின்னால் சேர்த்த ஓர் அறைக்கு அனுமதி இல்லை என்றால் வங்கி அதைக் கணக்கில் எடுக்காது, கடன் தொகை குறையும்.

மகளின் பள்ளிதான் உங்கள் காலண்டரைத் தீர்மானிக்க வேண்டும். 9-ம் வகுப்பின் தொடக்கத்தில் மாற்றுவது எளிது. 9 முடித்து 10-க்குப் போகும்போது மாற்றுவதைப் பெரும்பாலான பள்ளிகளும் விரும்புவதில்லை, பிள்ளைக்கும் சிரமம். ஆகவே வருகிற ஜூனில் மாறுங்கள், இல்லாவிட்டால் 10 முடியும்வரை மாம்பலத்திலேயே இருங்கள். நடுவில் வேண்டாம்.

என் யோசனை இது. ஊரப்பாக்கம் வீட்டை ஜூனுக்குள் அவசரமாக வாங்காதீர்கள். அதே நகரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து ஜூனில் குடிபோய், மகளை அங்கே 9-ம் வகுப்பில் சேருங்கள். கோடையின் கடைசித் தண்ணீரையும் வடகிழக்குப் பருவமழையையும் அங்கேயே இருந்து பார்த்துவிடலாம். மாமியாரின் முழங்காலுக்கும் பதில் தெரிந்துவிடும். அதற்குள் அந்த வீடு விற்றுப்போய்விடும் என்று தரகர் சொல்வார். போகட்டும். அந்தப் பகுதியில் தனி வீடு விற்பனைக்கு வருவது நிற்கப் போவதில்லை, தெருவில் குடியிருப்பவருக்குத் தரகருக்கு முன்பே சேதி வரும்.

இல்லை, இந்த வீடுதான் என்று முடிவெடுத்துவிட்டால், முன்பணத்தைச் சிறியதாகக் கொடுங்கள். வங்கியின் சட்ட அறிக்கையோ மதிப்பீட்டு அறிக்கையோ பாதகமாக வந்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வீடு ஒருவர் பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் மகன் உட்பட. தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், என்ன வடிகட்டி போடலாம் என்று சொல்கிறேன்.